‘ப’ என்று எழுதியதுதான் தப்பு: பூக்களைச் சுழற்றிப் பார்த்த மூன்று வாரம்

நந்தியாவட்டைக்கு எத்தனை சமச்சீர்க் கோடு என்று அக்கா மகள் கேட்டபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரையோடு "அஞ்சு இதழ்தானே, அஞ்சு கோடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். காலாண்டு விடுமுறைக்கு அவளுக்கு ஒரு செயல்திட்டம்: வீட்டைச் சுற்றியுள்ள பூக்களில் பத்தைச் சார்ட்டில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் சமச்சீர்க் கோடு (மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் கோடு) எத்தனை, சுழல் சமச்சீர் வரிசை (ஒரு முழுச் சுற்றில் பூ எத்தனை தடவை பழையபடியே தெரிகிறது) எத்தனை என்று எழுத வேண்டும். நான் சொன்னதை நம்பி நந்தியாவட்டைக்கு 5, செம்பருத்திக்கு 5, அரளிக்கு 5 என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியும் விட்டாள். அப்புறம் என் போனில் இருந்த நந்தியாவட்டைப் படத்தைக் கலர் பிரின்ட் எடுத்து, கோடு போட்ட இடத்தில் மடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கத்து இதழ் மறுபக்கத்து இதழ்மேல் உட்காரவில்லை. "மாமா, நீங்க சொன்னது தப்பு" என்று தாளோடு வந்து நின்றாள்.

ஒரு மணி நேரத்தில் தீர வேண்டிய கேள்வி மூன்று வாரம் இழுத்தது. 635 ரூபாய் செலவு. அதில் 130 ரூபாய் சுத்த வீண். என்னென்ன செய்தேன், எங்கெங்கே வழுக்கினேன் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன், வேறு யாராவது பிள்ளைகளோடு செய்து பார்க்க நினைத்தால் அந்த 130 ரூபாயாவது மிச்சமாகட்டும்.

முதலில் வாங்கியது கண்ணாடி. கண்ணாடிக் கடையில் 10 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு இரண்டு, 3 மி.மீ. கனம், கை கிழிக்காமல் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார்கள், 90 ரூபாய். துணி டேப் ஒரு ரோல் 40. இரண்டையும் புத்தகம் போலத் திறந்து மூடும்படி முதுகில் டேப் ஒட்டினேன். சின்ன வயதில் வளையல் துண்டு போட்டுச் செய்த கலைடாஸ்கோப் மனதில் இருந்தது. ஐந்து இதழ் என்றால் 360-ஐ ஐந்தால் வகுத்து 72 பாகைக்குக் கண்ணாடிகளைத் திறந்து, நடுவில் ஒரே ஓர் இதழை வைத்தால் முழுப் பூவும் தெரியும், உண்மைப் பூவோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கு.

எருக்கம்பூவை வைத்தபோது அழகாக வந்தது. நந்தியாவட்டையை வைத்தபோது பின்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் படம் ஒட்டவில்லை, இரண்டு அரை இதழ்கள் முட்டிக்கொண்டு நின்றன. தலையை இடப்பக்கம் நகர்த்தினால் அந்த ஒட்டாத இடம் ஒரு பக்கம் நகர்கிறது, வலப்பக்கம் நகர்த்தினால் மறுபக்கம். கண்ணாடி சரியாக ஒட்டவில்லை போல என்று டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினேன், பாகைமானியை வைத்து 72-ஐத் திரும்பத் திரும்ப அளந்தேன், ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. கண்ணாடியில் கோளாறு இல்லை. கண்ணாடி ஒவ்வொரு தடவையும் இதழை இடவலமாகத் திருப்பிக் காட்டுகிறது: நேர், திருப்பியது, நேர், திருப்பியது என்று மாறி மாறி வரும்போது ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால் கடைசியில் ஒரு ஜோடி இடிக்கும். இதழே இடவலம் ஒத்ததாக இருந்தால் அந்த இடிப்பு கண்ணுக்குத் தெரியாது. நந்தியாவட்டை இதழ் ஒருபக்கம் சாய்ந்த இதழ், அதனால் இடிப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. உண்மையில் அந்த ஒட்டாத இடம்தான் நான் தேடிக்கொண்டிருந்த பதில், அதைக் கோளாறு என்று நினைத்துச் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் இதைவிடப் பெரிய முட்டாள்தனம். 72 சரிவரவில்லை என்று 36 பாகைக்குக் குறுக்கி அரை இதழை வைத்தேன். அடடா, என்ன நேர்த்தி! எங்கும் இடிப்பு இல்லை. நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி எல்லாமே ஐந்து கோட்டுச் சமச்சீரோடு பளிச்சென்று தெரிந்தன. நான் சொன்னதுதான் சரி என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் பூவை எடுத்துவிட்டு, தட்டில் கிடந்த கருவேப்பிலை ஒன்றைக் கிள்ளிக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தாள். கருவேப்பிலையும் ஐந்து கோட்டுச் சமச்சீரோடு நட்சத்திரம் மாதிரி பூத்தது. எதை வைத்தாலும் சமச்சீர் ஆக்கித் தருகிற கருவியை வைத்துக்கொண்டு சமச்சீர் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறேன். அந்த இரட்டைக் கண்ணாடி இப்போது அக்காவின் அலமாரியில் பொட்டு வைக்கப் பயன்படுகிறது.

சரி, ஒரே கண்ணாடி போதும். பூவின் படத்தை அச்சடித்து, நடுக்கோட்டில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, பாதிப் பூவையும் அதன் பிம்பத்தையும் சேர்த்துப் பார்த்து, பக்கத்தில் இன்னொரு பிரின்ட்டோடு ஒப்பிடலாம். இதில் வேறொரு தொல்லை. சாதாரணக் கண்ணாடியில் ரசம் பூசியிருப்பது பின்பக்கத்தில். முன்முகத்தைக் கோட்டில் வைத்தால் படத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 4 மி.மீ. வெற்றிடம் விழுகிறது. எருக்கம்பூவின் நடு மகுடமே 1 செ.மீ.கூட இல்லாதபோது 4 மி.மீ. வெற்றிடம் கண்ணை உறுத்தும்.

முன்பக்கத்திலேயே ரசம் பூசிய கண்ணாடி பழைய ஸ்கேனருக்குள் இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும், ஒருமுறை வீட்டு ஸ்கேனரைக் கழற்றிக் கெடுத்த அனுபவம். பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஸ்கேனர் ஒன்றை 200 ரூபாய்க்குத் தூக்கி வந்தேன். 250 கேட்டார், பவர் அடாப்டரே இல்லையே என்று குறைத்தேன். மேல்மூடியைக் கழற்றினால் நகரும் பெட்டிக்குள், படத்தை மடக்கி மடக்கி லென்சுக்கு அனுப்ப, நீளமான பட்டைக் கண்ணாடிகள் நான்கு இருந்தன. பெரியது சுமார் 22 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. உயரம். பென்சில் முனையைக் கண்ணாடிமேல் லேசாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: சாதாரணக் கண்ணாடியில் முனைக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும், இதில் முனையும் முனையும் ஒட்டிக்கொள்ளும். தூசியாக இருக்கிறதே என்று ஒன்றைச் சட்டை நுனியால் துடைத்தேன். அழுத்திக்கூடத் துடைக்கவில்லை. ரசம் வெளியே இருப்பதால் முழுக்கக் கீறல். மற்ற மூன்றையும் ஊதி மட்டும் விட்டேன். நிற்க வைக்க, தெர்மாகோலில் பிளேடால் ஒரு கீறு போட்டுச் செருகிவிட்டேன்.

கண்ணாடி முடிந்தது, அடுத்து படம். இதில்தான் அதிக நேரம் போனது, சொல்லப்போனால் இதுதான் முழு வேலையும். கையில் போனை வைத்துக்கொண்டு எடுத்த படம் எதுவும் தேறாது. போன் 15 பாகை சாய்ந்தாலே 42 மி.மீ. பூ ஒரு திசையில் ஒன்றரை மி.மீ. குறுகிவிடும், ஐந்து இதழும் ஒரே அளவில் இருக்கும் பூவில் ஓர் இதழ் குட்டையாகத் தெரியும். முதல் நாள் எடுத்த ஏழு படங்களை வைத்து "இயற்கையில் எதுவும் சரிசமமாக இல்லை" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சாய்ந்தது என் கைதான்.

ஸ்டாண்ட் வாங்கவில்லை. வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் ஓட்டை இருக்கிறதல்லவா, அதன்மேல் போனைப் படுக்கவைத்து, கேமரா ஓட்டை வழியே கீழே பார்க்கும்படி வைத்தேன். ஸ்டூல் 45 செ.மீ. உயரம். மேசை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் ஒரு நாள் இரவல். மேசை சமம், ஸ்டூலின் ஒரு கால்தான் தேய்ந்திருந்தது. தீப்பெட்டி அட்டையை மூன்றாக மடித்து முட்டுக் கொடுத்தபின் குமிழி நடுவுக்கு வந்தது. ஸ்டூலைச் சுற்றி அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்தியதும் வெயில் பஞ்சு மாதிரி உள்ளே வந்தது, நிழலே இல்லை. பூவுக்குப் பின்னணி கறுப்பு ரவிக்கைத் துணி.

போன் நேரானது, பூ நேராக வேண்டுமே. நந்தியாவட்டைக்கு அடியில் 2 செ.மீ. அளவுக்குக் குழல் இருக்கிறது, அப்படியே வைத்தால் ஒருபக்கம் சாயும். தெர்மாகோலில் கோணூசியால் ஓட்டை போட்டுக் குழலைச் செருகினால் இதழ்வட்டம் மேலே தட்டையாக உட்காரும். அரளிக்கும் இதே வழி. எருக்குக்குக் குழல் கிடையாது, காம்பைச் செருகலாம். ஆனால் எருக்கைத் தொட்ட கையால் கண்ணைத் தொடவே கூடாது, பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அந்தப் பூவைப் பறிப்பது, வைப்பது எல்லாம் நானே, பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு. அவள் எட்ட நின்று போன் பட்டனை அழுத்துவதோடு சரி.

செம்பருத்திதான் படுத்தி எடுத்தது. நடுவில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்த குழாய் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்குக் கிட்டே இருப்பதால் அதன் நுனி பெரிதாகி, பூவின் மையம் எது என்றே தெரியாமல் மறைத்துவிடுகிறது. பிடுங்கிவிடலாம் என்று இழுத்தேன், இதழ்களும் சேர்ந்தே கையோடு வந்துவிட்டன, அடியில் எல்லாம் ஒட்டிப் பிறந்தவை. அப்புறம் நகம் வெட்டும் கத்தரியால் 1 செ.மீ. விட்டு மேலே மட்டும் நறுக்கினேன். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எடுத்துவிட வேண்டும், சாயங்காலம் குடை மடங்குவதுபோல மடங்கிவிடும், மறுநாள் அந்தப் பூ இல்லை.

படத்தை அச்சடிக்கும்போது பூ 15 செ.மீ. அகலம் வருமாறு பெரிதாக்கச் சொன்னேன். 4.2 செ.மீ. நந்தியாவட்டை மூன்றரை மடங்குக்குச் சற்று மேலே பெரிதாகிறது, ஒரு மி.மீ. வித்தியாசம்கூட ஸ்கேலில் வாசிக்கலாம். கலர் பிரின்ட் பக்கம் 10 ரூபாய், மொத்தம் 14 பக்கம்.

சுழற்றும் வேலைக்கு ஓஹெச்பி ஷீட், அதாவது அடியில் இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாள். பிரின்ட்டின்மேல் ஷீட்டை வைத்து, பெர்மனென்ட் மார்க்கரால் இதழ் ஓரங்களை மட்டும் அப்படியே வரைந்துகொள்ள வேண்டும். பிரின்ட்டைத் தெர்மாகோல்மேல் வைத்து, ஷீட்டையும் சேர்த்து மையத்தில் குண்டூசி. பிறகு ஷீட்டை மெதுவாகச் சுற்றினால் 72 பாகைக்கு ஒருமுறை கோடு படத்தின்மேல் வந்து உட்கார வேண்டும். மையத்தை முதலில் கண்ணளவில் குத்தினேன், ஓர் இடத்தில் ஒட்டினால் எதிர்ப்பக்கம் 9 மி.மீ. விலகியது. எதிரெதிர் இதழ் என்று ஐந்திதழில் எதுவும் கிடையாது, அதனால் குறுக்குக்கோடு போட்டு மையம் காண முடியாது. நந்தியாவட்டையின் தொண்டையில் ஊசிமுனை மாதிரி ஒரு சின்ன ஐங்கோண ஓட்டை இருக்கிறது, அதன் நடுவில் குத்தியதும் சரியானது. மையம் சரியாக விழுந்த பிறகு 72 பாகையில் அதிகபட்ச விலகல் 4 மி.மீ., அதாவது உண்மைப் பூவில் ஒரு மி.மீ. அளவு. அவ்வளவு மென்மையான பூவில் இதைவிட என்ன வேண்டும்? 144, 216, 288 எல்லாவற்றிலும் அதேபோல உட்கார்ந்தது. சுழல் சமச்சீர் வரிசை 5, சந்தேகமே இல்லை.

அடுத்து அதே பிரின்ட்டில் ஸ்கேனர் கண்ணாடி. ஓர் இதழின் நுனியிலிருந்து மையம் வழியாகக் கோடு போட்டுக் கண்ணாடியை நிறுத்தினேன். பூ என்று சொல்ல முடியாத ஒன்று எதிரே தெரிந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு இதழ்கள் கிளி மூக்கு மாதிரி ஒன்றையொன்று பார்த்து வளைந்திருக்கின்றன. கண்ணாடியைத் திருப்பி மறுபக்கப் பாதியைப் பார்த்தால் அதே இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு விலகுகின்றன. உண்மைப் பூவில் எல்லா இதழும் ஒரே பக்கம் ஓடுகின்றன, மின்விசிறி இறக்கை மாதிரி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டு அளந்தால் 21 மி.மீ. விலகல், பூவில் கிட்டத்தட்ட 6 மி.மீ. கோட்டை ஒவ்வொரு பாகையாக நகர்த்திப் பார்த்தோம், எங்கேயும் ஒத்துவரவில்லை. சமச்சீர்க் கோடு பூஜ்யம். சார்ட்டில் 5-ஐ அடித்து 0 போட்டாள், அதுவும் ஸ்கெட்ச் பேனாவில் நன்றாகத் தெரியும்படி.

இனிதான் ‘ப’ விவகாரம்.

நந்தியாவட்டை ஒருபக்கம் சுற்றுகிறது, அரளியும் ஒருபக்கம் சுற்றுகிறது, இரண்டும் ஒரே பக்கமா என்று பார்க்க ஆசை. இரண்டு ஷீட்டிலும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தெரிந்துவிடும். ஷீட் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எது முன் எது பின் என்று குழம்பக் கூடாதே என்று நான் மிகவும் ஜாக்கிரதையாக ஒவ்வொரு ஷீட்டின் மேல் விளிம்பிலும் நடுவில் ‘பூ’ என்பதற்கு அடையாளமாக ‘ப’ என்று எழுதினேன். ‘ப’ ஒழுங்காகத் தெரிந்தால் முன்பக்கம். வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே திசை. நோட்டில் "அரளி = நந்தியாவட்டை, ஒரே சுழல், ஒரே குடும்பம் என்பதால் இருக்கலாம்" என்று விளக்கமும் எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பது உண்மைதான், விளக்கம் அதனால் இன்னும் கச்சிதமாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் இரண்டு மொட்டுகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மலரப் போகும் மொட்டைப் பார்த்தால் இதழ்கள் சுருட்டி வைத்த குடைத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும், பாடப்புத்தகத்தில் திருகு இதழமைவு என்பார்கள். "மாமா, இது ரெண்டும் எதிர் எதிரா முறுக்கியிருக்கே" என்றாள். இருக்காது என்றேன். நோட்டைக் காட்டினேன். அவள் மொட்டைக் காட்டினாள். ஒரு மொட்டில் முறுக்கு பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல ஒரு பக்கம் ஏறுகிறது, மற்றதில் மறுபக்கம். செடிக்குப் போய்ப் பத்துப் பத்து மொட்டு பார்த்தோம். எல்லா நந்தியாவட்டையும் ஒரு பக்கம், எல்லா அரளியும் அதற்கு எதிர்ப்பக்கம், ஒன்றுகூட மாறவில்லை.

ஷீட்டை எடுத்து வந்து ‘ப’வைப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. புத்தகப் பக்கம் புரட்டுவதுபோலத் திருப்பினேன். அப்போதும் ‘ப’ ஒழுங்காகவே இருந்தது! இரண்டு பக்கமும் நேர்க்கோடு, அடியில் ஒரு படுக்கைக்கோடு, இடவலமாகத் திருப்பினால் அதே ‘ப’. சமச்சீர் உள்ள எழுத்தை வைத்துக்கொண்டு சமச்சீரைக் கண்டுபிடிக்கப் போயிருக்கிறேன். மூலையில் எழுதியிருந்தாலாவது திருப்பும்போது இடம் மாறித் தெரிந்திருக்கும், நடுவில் எழுதி அந்த வழியையும் அடைத்துவிட்டேன். அரளி ஷீட் எப்போதோ குப்புற விழுந்து அப்படியே வரிசையில் சேர்ந்துவிட்டது. அவள் சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. பிறகு எல்லா ஷீட்டிலும் ‘ட’ எழுதினோம், ஷீட் திரும்பினால் ‘ட’ உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

செம்பருத்தியில் இதற்கு நேர்மாறான கதை. மொட்டு முறுக்கு ஒரே செடியில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நான் நம்பவில்லை, ‘ப’ புண் இன்னும் ஆறவில்லை. அதனால் ஷீட்டே வேண்டாம் என்று பூவின் வாயை நேராகப் பார்த்து எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம்: ஒவ்வோர் இதழிலும் ஓர் ஓரம் பக்கத்து இதழுக்கு மேலே இருக்கும், மற்றது அடியில் ஒளிந்திருக்கும். வலது ஓரம் மேலே என்றால் வலம், இடது ஓரம் மேலே என்றால் இடம். பின்பக்கம் பார்த்து எண்ணினால் மாறிவிடும், போட்டோவில் பார்ப்பதும் வேண்டாம், சில போன்கள் முன்கேமரா படத்தைத் திருப்பிச் சேமிக்கின்றன. வாசல் செடி, ஒற்றைச் சிவப்பு, மூன்று வாரத்தில் 41 பூ: இடம் 22, வலம் 18, ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை, அதில் ஓர் இதழ் இரண்டு ஓரத்தையும் மேலே வைத்துக்கொண்டு நின்றது. ஒரே கிளையில் அடுத்தடுத்த நாள் இடம், வலம் மாறுகிறது. அதில் ஒழுங்கு ஏதும் இருக்கிறதா என்று தேடினோம், கிடைக்கவில்லை.

தென்னையிலும் இப்படி ஒன்று உண்டு. மட்டைகள் சில மரங்களில் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் சுற்றி ஏறும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய டி.ஏ. டேவிஸ் என்பவர் இதை எண்ணி எண்ணிப் பார்த்து, தாய்மரத்தின் சுழல் பிள்ளைக்கு வருவதில்லை என்று 1962-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார். நான் வாசலில் 41 பூ எண்ணிவிட்டு அலுத்துக்கொண்டேன்.

செம்பருத்தியின் சுழல் சமச்சீரை ஐந்து என்று எழுதலாமா என்பதிலும் சண்டை. இதழ் ஐந்து, இதழுக்கு அடியில் இருக்கும் பச்சைப் புல்லி ஐந்து. பூவைத் திருப்பினால் புல்லிக்கும் அடியில் சின்னச் சின்னதாகப் பச்சை ஊசிகள் ஒரு வட்டம், புறப்புல்லி வட்டம். எங்கள் செடியில் அது 7. ஐந்தும் ஏழும் ஒரே அச்சில் எப்படிச் சுற்றும்? முன்னால் பார்த்தால் 5, முழுப் பூவாகப் பார்த்தால் 1 என்பது அவள் கட்சி. டீச்சருக்கு இவ்வளவு வேண்டாம், 5 என்று எழுது என்றேன். "முன்பக்கம் மட்டும்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டாள்.

மற்ற பூக்கள் சீக்கிரம் முடிந்தன. எருக்கு மட்டும்தான் இரண்டு தேர்விலும் தேறியது: இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தோடு ஓரம் தொட்டு நிற்கும் பூ, நடு மகுடமும் ஐந்து, கண்ணாடியை ஐந்து கோட்டில் எதில் வைத்தாலும் பிரின்ட்டோடு 5 மி.மீ.க்குள் ஒத்துப்போகிறது. ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத பூ. இட்லிப்பூ நான்கு, மொட்டில் முறுக்கு இருந்தாலும் மலர்ந்தபின் இதழ்கள் விலகிவிடுவதால் கண்ணாடியிலும் நான்கு கோடு கிடைத்தது, ஆனால் பூ சின்னது, பெரிதாக்கிய படமே மங்கல், அதனால் அந்த நான்கை அரைமனதோடுதான் ஏற்றுக்கொண்டேன். சங்குப்பூ, சுற்றினால் எங்கேயும் ஒட்டாது, கண்ணாடிக்கு ஒரே ஒரு கோடு, அந்தக் கோட்டில் கச்சிதம். கல்வாழைக்கு இரண்டும் இல்லை. எந்தப் பக்கம் கண்ணாடி வைத்தாலும் புதுசு புதுசாக ஒரு பூ தெரிகிறது, அவளுக்கு அதுதான் பிடித்த பூ.

பவழமல்லியைக் கடைசியில் சேர்த்தோம், தெருமுனை வீட்டு மரத்தடியில் விடியற்காலையில் பொறுக்கியது. காற்றாடி மாதிரி இதழ், கண்ணாடிக் கோடு பூஜ்யம், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது எண்ணிக்கை: ஒரே மரத்தடியில் ஐந்திதழ், ஆறிதழ், ஏழிதழ், எல்லாம் கிடக்கின்றன. ஆறுக்கு 60 பாகை, பிரச்சினை இல்லை. ஏழிதழுக்கு 360-ஐ ஏழால் வகுத்தால் 51.43 என்று போகிறது, ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானியில் அதை எங்கே குறிப்பது? 51-க்கும் 52-க்கும் நடுவில் கண்ணளவில் ஒரு புள்ளி வைத்து, ஏழாவது திருப்பத்தில் 3 பாகை தப்பிப் போனோம். சார்ட்டில் ஆறிதழை ஒட்டினாள்.

செலவு மிச்சக் கணக்கு: ஓஹெச்பி ஷீட் 8, தலா 10 ரூபாய். மார்க்கர் இரண்டு 60, ஒன்று போதும், மூடியைத் திறந்து வைத்துக் காயவிட்டது நான். தெர்மாகோல் 25. கலர் பிரின்ட் 140. மேலே சொன்ன கண்ணாடி, டேப், ஸ்கேனர் எல்லாம் சேர்த்தால் 635.

அடுத்த முறை இரட்டைக் கண்ணாடியைத் தொடமாட்டேன். கையால் வரைவதற்குப் பதில் படத்தை நேராக ஷீட்டிலேயே அச்சடிக்கச் சொல்வேன், மார்க்கர் கோட்டின் தடிமனே ஒரு மி.மீ. இருக்கிறது, நான் அளந்த 4 மி.மீ. விலகலில் எவ்வளவு பூவுடையது எவ்வளவு என் கையுடையது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. பறிக்கும் முன்பே செடியில் மேல்பக்கம் எது என்று இதழில் மார்க்கரால் புள்ளி வைக்க வேண்டும், சங்குப்பூவுக்கு அது செய்யாமல் இரண்டு தடவை தலைகீழாகப் படம் எடுத்தோம். செம்பருத்தியை ஒரு செடியோடு நிறுத்தாமல் எதிர்வீட்டு மஞ்சளையும் எண்ண வேண்டும்.

அடுக்குச் சங்குப்பூ விதை நான்கு ஒரு பாட்டியிடம் வாங்கி ஊன்றியிருக்கிறோம். அதில் ஐந்து இதழும் சாதாரணச் சங்குப்பூவின் அந்தப் பெரிய கொடியிதழ் மாதிரியே இருக்கும், அப்படியானால் கண்ணாடியின் ஒற்றைக்கோடு போய்ச் சுழல் வருமா என்று பார்க்க வேண்டும். மூன்று முளைத்திருக்கின்றன. ஒன்றை நேற்று ஆடு மேய்ந்துவிட்டது.